கீழ்வீட்டுக்காரி எழுதிய புகார்

என்னோடு பேசாதவளே,

இத்தாலியில் நிரந்தர வசிப்புரிமைக்கு ஐந்து வருட முகவரிச் சான்று கேட்டார்கள். பதுவாவில் நாம் ஒரே அறையில் இருந்த வருடத்துக்கு மட்டும் என் பெயரில் ஒரு தாளும் இல்லை. வாடகை ஒப்பந்தம் உன் பெயரில். உன்னிடம் கையெழுத்துக் கேட்க மூன்று முறை தொலைபேசியை எடுத்துவிட்டு வைத்தேன்.

கடைசியில் கீழ்வீட்டு ஓர்னெல்லாவிடம் போனேன்.

"நீ இருந்ததுக்குச் சாட்சியா? நீங்க ரெண்டு பேரும் போட்ட சண்டையில வீட்டுக்காரருக்குப் புகாரே எழுதினேனேடி!"

நகலைக் கொடுத்தாள். தேதி, முகவரி, நம் இருவர் பெயர் எல்லாம் இருந்தன. அலுவலகத்தில் ஏற்றுக்கொண்டார்கள்.

நான் அன்று உன்னைத் திட்டிய வார்த்தையும் அதில் இருக்கிறது. நம் மால்டோவா பேச்சு புரியாமல், காதில் விழுந்தபடியே எழுத்துக்கூட்டியிருக்கிறாள். அதிகாரிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கையெழுத்து இனி வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வருகிறேன். கதவைத் திறக்காவிட்டாலும் உள்ளிருந்து கத்து, நின்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறைக்காரி