துரைக்கு முளைத்த கொம்பு

அக்டோபர் 5

அம்மா விளக்கை அணைத்துவிட்டாள். குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். யாராவது கதவைத் தட்டினால் வயிற்றுவலி என்று சொல்லிக்கொள்ளலாம்.  

மத்தியானம் பெரிய குடியிருப்பின் செயலாளர் எங்கள் வீடு தேடி வந்தார். மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் இருக்க அவர் பட்ட பாடு! விடுமுறை நாள் விழாவுக்குக் குதிரை ஊர்வலம் வேண்டுமாம். ஊரில் மிச்சமிருக்கும் ஒரே குதிரை எங்கள் துரை. அப்பாவின் குப்பை வண்டியை இழுப்பவன்.

"எங்கேருந்து வந்துச்சுன்னு யாருக்கும் தெரிய வேண்டாம், பார்த்துக்கோங்க" என்றார்.

இதில் மட்டும் அவரும் நானும் ஒரே கட்சி. அப்பா போக்குவரத்துத் துறை என்று வகுப்பில் சொல்லி வைத்திருக்கிறேன். விழாவுக்குப் பாதி வகுப்பு வரும். என்னைக் கண்டால் துரை கனைப்பான். அப்புறம்?

அக்டோபர் 8

அம்மா பழைய திரைச்சீலையில் துரைக்கு அங்கி தைக்கிறாள். அளவு பார்க்க என்னை மண்டி போடச் சொன்னாள். "கழுத்தை நீட்டுடி. குதிரை இப்படியா கூனிக்கிட்டு நிக்கும்?"

அக்டோபர் 10

வெள்ளை அங்கி, அட்டை இறக்கை, கடிவாளத்தில் ஒட்டிய வெள்ளிக் கொம்பு. துரையைப் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. வாசல்தோறும் குப்பைக்காக அடிக்கும் வண்டி மணியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து அவன் கழுத்தில் கட்டினார். அழகாக இருக்கிறது என்று நானும் சொன்னேன். 

அக்டோபர் 11

காய்ச்சல் வரவழைக்க என்னதான் வழி?

அக்டோபர் 12

 ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

"நீங்க கிளம்புங்க, நாங்க பார்த்துக்கறோம்" என்று செயலாளர் அப்பாவை அனுப்பிவிட்டார். கயிற்றைப் பிடித்தது ராஜா வேடம் போட்ட வாட்ச்மேன். துரை இழுத்த பூ ஜோடித்த வண்டியில் செயலாளரும் சில குட்டிப் பிள்ளைகளும். நான் வானொலியின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். வகுப்பில் அவள் வாய் ஓயாது, அதனால் அந்தப் பெயர். ஒலிபெருக்கி முழங்கியது: "பந்தயங்கள் பல வென்ற வெளியூர்க் குதிரை!"

பந்தயக் குதிரை முதல் வீட்டு வாசலில் போய் நின்றது. மணி ஆடியது. கதவு திறந்தது. "இன்னைக்கு லீவுன்னாங்களே?" என்றபடி நைட்டி போட்ட ஒரு அம்மா குப்பை வாளியோடு ஓடி வந்து, பழக்க தோஷத்தில் செயலாளர் காலடியில் கொட்டியே விட்டார். அடுத்த வீட்டிலிருந்தும் ஒரு வாளி. எதிர் வீட்டிலிருந்தும்.

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. துரை அசையவில்லை. அப்பா தினமும் சொல்லும் அந்த வார்த்தை காதில் விழாமல் அவன் ஒரு வாசலை விட்டும் நகரமாட்டான். கூச்சலில் அங்கியோடு சேர்ந்து வெடவெடவென்று நடுங்கினான். பிள்ளைகள் அலறின. வாட்ச்மேன் செங்கோலை ஓங்கினார் —

"அடிக்காதீங்க! ஆச்சு துரை, அடுத்த வீடு!"

யார் குரல் அது? என்னுடையது. ஐயோ, என்னுடையதேதான்.

துரை கனைத்தான். நடந்தான். அடுத்த வீட்டில் நின்றான். நான் மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. மானம் ஒரே தடவையில் போய்த் தொலையக்கூடாதா? தெருக்கோடி வரைக்கும் வாசல் வாசலாகப் போனது.

அக்டோபர் 13

பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பு முழுக்க யாரும் என்னோடு பேசவில்லை. மணி அடித்தது. வானொலி எழுந்து, "ஆச்சு துரை, அடுத்த வகுப்பு!" என்றாள். எல்லாரும் மேசையைத் தட்டினார்கள். டீச்சர்கூட.

சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உங்க துரை கடிப்பானாடி?"

"வாய் ஓயாதவங்களை மட்டும்."

நானா அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 17

கொம்பு இன்னும் கழன்று வரவில்லை. அம்மாவின் பசை அப்படி. துரை கொம்போடுதான் குப்பை வண்டி இழுக்கிறான்.

கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். "என்னடி எழுதறே?" என்று அம்மா கேட்டாள். சும்மா என்றேன். துரைக்கு ரொட்டி ஓரத்தை எடுத்து வைக்கச் சொன்னேன், கொஞ்சம் கூடுதலாக. காலையில் வானொலியும் வண்டியில் வருகிறாளாம்.