நாலு ஓரமும் கிராஸ்

கன்சாஸ்,
மார்ச் 11, செவ்வாய்

அன்புள்ள நடீனுக்கு,

அக்கா எல்வெரா எழுதுவது. நீயும் கென்டனும் சுகமா என்று ஞாயிற்றுக்கிழமை ஃபோனிலேயே கேட்டுவிட்டேன், அதனால் மறுபடி கேட்கப்போவதில்லை. ஃபோனில் சொல்லக்கூடியதை எதற்குக் கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் ஃபோன் சமையலறையில் இருக்கிறது. அம்மாவின் தையல் மேஜை அடுத்த அறையில் இருக்கிறது. காரணம் அவ்வளவுதான்.

உன் அத்தான் ஆர்லோவுக்கு இருமல் விட்டுவிட்டது. கோதுமை பச்சை கட்டி நிற்கிறது, இனி மழைதான் வரவேண்டும். அம்மா வலது முழங்கால் வலி பழையபடிதான் என்று சொல்லிக்கொள்கிறாள். அந்த முழங்காலைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

சபையின் நிவாரண நிதி ஏலத்துக்கு அம்மா இந்த வருஷமும் ஒட்டுப்போர்வை போடுகிறாள். நீலமும் வெள்ளையும். வேறு எந்தச் சித்திர வேலையும் இல்லை, பாதி நீலம் பாதி வெள்ளையாக இரண்டு முக்கோணம் சேர்ந்த சின்னச் சதுரக் கட்டங்கள்தான் மொத்தமும். கட்டங்களை அம்மா தைப்பாள். அவற்றை ஸ்கேல் வைத்து ஒரே அளவாக வெட்டி, வரிசை வரிசையாக இணைப்பது என் வேலை. வேலைக்காரியின் வேலை என்று நீ அந்தக் காலத்தில் சொல்வாயே, அதேதான்.

அம்மா கட்டம் தைக்கும் விதம் உனக்குத் தெரியாததில்லை. நீலத் துண்டின்மேல் வெள்ளைத் துண்டைக் கவிழ்த்து வைப்பாள். வெள்ளையின் பின்பக்கம் மூலைக்கு மூலை பென்சில் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு தையல், அந்தப் பக்கம் ஒரு தையல். பிறகு கோட்டின் மேலேயே வெட்டுவாள். ஒரு ஜோடித் துண்டுக்கு இரண்டு கட்டம், அதற்கு மேல் ஆசைப்படமாட்டாள். தையலை நீலப் பக்கம் மடித்துத் தேய்ப்பாள். ஓரங்கள் துணியின் இழையோடு நேராக இருக்கும், இழுத்தாலும் அசையாது. திருப்பிப் பார்த்தால் வெட்டின ஓரத்தில் பென்சில் கறை இருக்கும். அம்மா கட்டம் என்றால் அந்தக் கறைதான் அடையாளம்.

பிப்ரவரி கடைசியில் ஒரு கட்டத்தைக் கையில் எடுத்தேன், ரப்பர் மாதிரி இழுபட்டது. மேஜையில் போட்டால் ஓரம் அலை அலையாக நெளிந்து நின்றது. திருப்பிப் பார்த்தேன், பென்சில் கறையே இல்லை. நாலு ஓரமும் கிராஸ். அதாவது, இழைக்கு மூலைவாட்டில் வெட்டின ஓரம். மற்றதைத் துழாவினேன். நல்ல கட்டங்களுக்கு நடுவே இந்தப் பேர்வழிகள் அங்கங்கே ஒளிந்துகொண்டிருந்தன. துணி அதே நீலம், அதே வெள்ளை. மேலாகப் பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.

முதலில் நினைத்தது, அம்மாவுக்கு மூளை தடுமாறுகிறதோ என்று. நாலைந்து நாள் பின்னாலேயே அலைந்தேன். அடுப்பை அணைத்தாளா, மாத்திரை போட்டாளா, கதவைச் சாத்தினாளா என்று பார்த்தேன். பேச்சோடு பேச்சாக நம் சபைக்கு இதுவரை வந்த போதகர்களின் பெயரையெல்லாம் கேட்டேன். "என்னடீ, பரீட்சை வைக்கிறியா?" என்றாள். கேட்டுவிட்டு எல்லாரையும் வரிசையாகச் சொன்னாள். அவர்களுடைய மனைவிமார் பெயரையும், யார் யார் இங்கே வந்த பிறகு பருத்துப்போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். மூளைக்கு ஒரு குறையும் இல்லை.

அப்புறம் பக்கத்து வீட்டு லாவினா மேல் சந்தேகம் வந்தது. புதன்கிழமை காப்பிக்கு வந்தால் தையல் மேஜைப் பக்கமாகத்தான் சுற்றுவாள். போன வருஷம் அம்மாவின் போர்வை அவளுடையதைவிட நல்ல விலைக்குப் போனது அவளுக்கு இன்னும் ஆறவில்லை. கூடைக்குள் கோணல் கட்டங்களைப் போட்டுவிட்டுப் போகிறாளோ என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தியிருக்கலாம். "உன் கட்டம் ஏதாவது எங்க கூடையில கலந்துடுச்சா லாவினா?" என்று கேட்டுவிட்டேன். அவள் ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்து, மேஜையில் விட்டெறிந்தாள். "இத நான் தைச்சேன்னு நீ நெனச்சியே, அதுக்கு நீ என் கன்னத்துல அறைஞ்சிருக்கலாம்" என்றாள். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் சுடும் ஸ்விபாக் வருவது நின்றுவிட்டது. இரட்டைத் தலை ரொட்டி இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை காப்பி என்ன காப்பி என்று ஆர்லோ முனகுகிறார். "ஊர்ல பாக்கி இருக்கிறவங்களையும் விசாரிச்சுடு, அப்புறம் நாம ரெண்டு பேரும் நிம்மதியா தனியா இருக்கலாம்" என்கிறார்.

போன வாரம் திங்கட்கிழமை ஒரு பொறி வைத்தேன். நெளிகிற கட்டங்களை எல்லாம் பொறுக்கி ஒரு குவியலாக்கி, அம்மா காதில் விழும்படி, "இதெல்லாம் குப்பைக்குத்தான் லாயக்கு, அடுப்புல போட்டுடறேன்" என்றேன். அம்மா நாற்காலியை விட்டு எழுந்த வேகத்தில் முழங்கால் வலி எங்கே போனதோ தெரியவில்லை. "வைடீ அங்க" என்றாள். கோணலாக இருக்கிறதே என்றேன். "துணி அப்படி. கஞ்சி போட்டுத் தேய்ச்சா நிக்கும்" என்றாள்.

நடீன், நம் அம்மா சொன்னது இது. என் கல்யாணத்துக்கு நான் தைத்த திரைச்சீலையை, ஓரம் ஒரு நூல் விலகியிருக்கிறது என்று கல்யாணத்துக்கு முந்தின நாள் பிரிக்கச் சொன்னவள். எனக்கு இத்தனை வயதாகிறது, என் தையல் ஒன்றைப் பார்த்து இதுவரை துணிமேல் பழி போட்டதில்லை. கோணல் என்றால் கை கோணல் என்பாள். அந்தக் குவியலை மார்போடு அணைத்து எடுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

உனக்குப் பதினாலு வயசு இருக்கும். மழைக்கு வெளியே போகமுடியாத ஒரு நாள். கோடு போடச் சோம்பல்பட்டுக்கொண்டு இரண்டு துண்டைச் சேர்த்து வைத்து, சுற்றி நாலு பக்கமும் தைத்துவிட்டு, மூலைக்கு மூலை இரண்டு வெட்டு வெட்டினாய். ஒரே தடவையில் நாலு கட்டம் வந்தது. நீ வீடு முழுக்க அதைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ஓடினாய். அம்மா வாங்கி நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். நாலு ஓரமும் கிராஸ். "சோம்பேறித்தனத்துக்கு மூளை வேற" என்று சொல்லிப் பிரிக்கவைத்தாள். அந்தக் குறுக்கு வழியில் தைக்கிறவள் எங்கள் தையல் வட்டத்தில் ஒருத்தியும் இல்லை. இந்த வீட்டில் நீ ஒருத்திதான்.

மறுநாள் தபால் அலுவலகம் போனேன், தபால்தலை வாங்க என்று. கவுண்டரில் இருந்த ட்வைட் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். "உங்கம்மா இப்பல்லாம் தானே நடந்து வந்து பொட்டலம் வாங்கிக்கறாங்க. திருப்பி அனுப்பவும் செய்றாங்க. கால் தேவலையாயிட்டு வருது போல" என்றான். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வேன்.

ஆக, துணி இங்கிருந்து உனக்குப் போகிறது. கட்டமாகத் தைத்து அங்கிருந்து வருகிறது. உன் பிள்ளை கென்டன் பட்டாளத்தில் சேர்ந்தான் என்று உன்னோடு பேச்சை நிறுத்தியவள், சீருடை போட்ட படத்தை உறை பிரிக்காமலே திருப்பி அனுப்பியவள், பென்சில் கோடு போடாத உன் கட்டத்தைத் தன் கட்டத்தோடு கலந்து எனக்குத் தள்ளிவிடுகிறாள். அம்மாவின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். யுத்த காலத்தில், நம் சபை வழக்கப்படி துப்பாக்கி எடுக்கமாட்டேன் என்று மாமா பட்டாளத்துக்குப் பதில் வேலை முகாமுக்குப் போனபோது, கோழை வீடு என்று நம் வாசல் கதவில் ஊர்க்காரர்கள் மஞ்சள் பெயிண்ட் ஊற்றினார்கள், அதைச் சுரண்டியவள் அவள். உன்னையும் குறை சொல்லமாட்டேன், பெற்ற பிள்ளையை யார் விடுவார்கள். உங்கள் இருவருக்கும் நடுவில் இந்த ஏழு வருஷமாக நின்றவள் நான். அவள் சொன்னதில் முள்ளை எடுத்துவிட்டு உன்னிடம் சொன்னேன். நீ சொன்னதில் அழுகையை எடுத்துவிட்டு அவளிடம் சொன்னேன். ஞாயிறு தவறாமல் நான் உன்னோடு பேசும்போது, "அவகிட்ட பேசறதுன்னா கதவ சாத்திக்கிட்டுப் பேசு" என்று ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். இப்போதும் வைக்கிறாள். அவ்வளவு நன்றாக நடிப்பாள் என்று எனக்குத் தெரியாது.

நீ மட்டும் என்ன? போன ஞாயிறு அந்த நைந்த குரலில், "அம்மா இன்னும் கோபமாத்தான் இருக்காங்களாக்கா?" என்று கேட்டாய். நான் பாவமே என்று, "கொஞ்சம் கொஞ்சமா எறங்கி வராங்க, பொறுத்துக்கோ" என்றேன். நீ ஃபோனை வைத்துவிட்டுச் சிரித்தாயா? சிரித்திருக்கமாட்டாய் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இப்போதெல்லாம் எனக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகமாக இருக்கிறது. முதலில் இறங்கி வந்தது யார், நீயா அவளா? அந்த ஒன்றையாவது எனக்குச் சொல்லலாம். எனக்குத் தெரிந்தால் சபை முழுக்கத் தெரிந்துவிடும் என்று அம்மா பயந்திருப்பாள். இத்தனை வருஷப் பிடிவாதத்தை எல்லார் எதிரிலும் கீழே வைக்க அவளுக்குக் கூச்சமாக இருக்கும். அது எனக்குப் புரிகிறது. புரிந்தும் வலிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வியாழக்கிழமை தையல் வட்டம் நம் வீட்டுக்கு வருகிறது, போர்வையைச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவதற்கு. உன் கட்டங்களை அப்படியே விட்டால் மேல்துணி நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். எல்லார் கண்ணும் அங்கேதான் போகும், லாவினாவின் கண் முதலில் போகும். பிரித்து எறிந்துவிட்டு அம்மாவின் கட்டங்களை மட்டும் வைத்துக் கொஞ்சம் சின்னப் போர்வையாக முடிக்கலாம். கத்தரிக்கோலைக்கூட எடுத்துவிட்டேன்.

அப்புறம் அதைக் கீழே வைத்துவிட்டு, அம்மா எடுத்துப்போய் மறுபடி கூடையில் கலந்து வைத்திருந்த உன் கட்டங்களைப் பொறுக்கி, சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கஞ்சி போட்டேன். இழுக்காமல், மேலே வைத்து அழுத்தி மட்டும் தேய்த்தேன். மொடமொடப்பாக நிற்கும்போதே அளவுக்கு வெட்டினேன். பிறகு உன் கட்டம் ஒன்று, அதன் நாலு பக்கமும் அம்மாவின் கட்டங்கள் என்று வைத்துத் தைத்தேன். கிராஸ் ஓரத்தை நேர் ஓரத்தோடு சேர்த்தால் அடங்கிவிடுகிறது. இப்போது தரையில் விரித்தால் எது யாருடையது என்று எனக்கே தெரியவில்லை.

அம்மா வந்து நின்று பார்த்தாள். "எல்லாத்தையும் சேத்துட்டியா?" என்று கேட்டாள். சேர்த்துவிட்டேன் என்றேன். அவள் குனிந்து உன் கட்டம் ஒன்றின் மேல் சரியாகக் கையை வைத்துத் தடவினாள். எனக்குத் தெரியாதது அவள் கைக்குத் தெரிகிறது. பிறகு உள்ளே போய், நான் கேட்காமலே எனக்குக் காப்பி போட்டுக் கொண்டுவந்தாள்.

ஏலம் ஏப்ரல் இரண்டாவது சனிக்கிழமை. நீ வா. கென்டனையும் கூட்டிக்கொண்டு வா, அவன் விருப்பப்பட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வரட்டும். காலையிலிருந்து நான் வெரேனிகா கொழுக்கட்டை வேகும் அடுப்பில் நிற்பேன், போர்வை மேடை எனக்கு முதுகுப் பக்கம் இருக்கும். அம்மா எப்போதும் போல இரண்டாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் இருப்பாள். பக்கத்து நாற்காலியில் தன் கோட்டை வைத்து இடம் பிடித்திருப்பாள், யாருக்கென்று கேட்டால் முழங்காலுக்கு என்பாள். நீ அந்தக் கோட்டை எடுத்துவிட்டு உட்கார். யாராவது வந்து என்னிடம் சொன்னால், "அப்படியா, எனக்குத் தெரியாதே" என்பேன். ஏலம் முடியும்வரை நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் இதைப் பேசவும் வேண்டாம். வழக்கம்போல அம்மா கோபமாக இருக்கிறாளா என்று கேள், நானும் வழக்கம்போலச் சொல்கிறேன். ஆண்டவர் உன்னையும் பிள்ளையையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அடுத்த பொட்டலம் அனுப்பும்போது அம்மாவின் பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுது. உள்ளே எனக்கென்று ஒன்றும் வைக்கவேண்டாம்.

அன்புடன்,
உன் அக்கா
எல்வெரா