ஃபிட்

ஜுபைல், சவூதி
12.03.1981

அன்பு றாஹிலாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் மகள் பரீனாவையும் அல்லாஹ் தன்ட காவலில வச்சிருக்கணும். போனகிழமை சுகமா வந்து சேர்ந்தன். அறைக்கு எட்டுப் பேர். நம்மட பக்கத்து ஆள் நிந்தவூர் ஷரிபுதீன் மட்டும்தான்.

ஒண்டு சொல்லணும், கோவிக்காத. கொழும்பில மெடிக்கல் பாத்த டொக்டர் கடைசியா, "ஃபிட்ஸ்?" எண்டு கேட்டார். "ஃபிட் சேர், நல்ல ஃபிட்" எண்டன். சிரிச்சுப்போட்டு சீல் குத்தினார். அது வலிப்பைக் கேக்கிற கேள்வி எண்டு வெளியில வந்த பிறகுதான் ஏஜென்சிக்காரன் சொன்னான். திரும்பிப் போய்ச் சொல்ல எனக்கு மனம் வரல்ல.

இஞ்ச வாயைத் திறந்தா இந்தச் சொல்தான். குழாயைப் பூட்டு எண்டாலும் ஃபிட். சப்பாத்து காலுக்குச் சரியா எண்டாலும் ஃபிட். என்ட வேலைக்கும் ஃபிட்டர் எண்டுதான் பேர். நீ பள்ளிக்கூடச் சோதினையில இங்கிலீசுக்குக் கிறெடிட் எடுத்தவள். இதுக்கு எத்தனை கருத்து இருக்கு எண்டு எழுது. தெரியாம ஒருநாள் மாட்டிக்கொள்ளுவன்.

உன்ட
காலிதீன்


சாய்ந்தமருது
05.04.1981

அன்புள்ள மச்சானுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கட கடிதம் கிடைச்சு நாலு நாளாப் பரீனா அதை வச்சுக்கொண்டு தர மாட்டன் எண்டிட்டாள்.

ஹப்ஸா டீச்சரிட்ட அகராதி வாங்கிப் பாத்தன். அந்தச் சொல்லுக்கே முழுசா ஒரு பத்தி இருக்கு. உடம்பு சுகமா இருந்தா ஃபிட். ஒரு வேலைக்குத் தகுதியான ஆளும் ஃபிட். நான் தைக்கிற சட்டை ஆளுக்கு அளவா இருந்தாலும் அதுதான். திடீரெண்டு கோவம் பொங்கினா அதுவும் ஃபிட்டாம், விடாமச் சிரிச்சாலும் ஃபிட்டாம். வலிப்பு வருத்தத்தைச் சொன்னா பெரும்பாலும் கடைசியில 'ஸ்' வரும். ஒரேயொரு தரம் வந்ததெண்டா அதுவும் வராது. அதால கேக்கிற ஆள்ட முகத்தைப் பாத்து மறுமொழி சொல்லுங்க.

மச்சான், டொக்டரிட்ட மறைச்சது சரியில்ல. கலியாணம் முடிச்சு ஏழாம் நாள் நீங்க கிணத்தடியில விழக்குள்ளதான் எனக்கே தெரியும். அதுவரைக்கும் உங்கட வீட்டில ஒருத்தரும் சொல்லல்ல. நான் அதைக் குத்திக்காட்டின நாளில்ல. ஆனா ஊரில நீங்க வேலை செஞ்ச மில்லில கூட உங்களை ஏணியில ஏற முதலாளி விடமாட்டார். அங்கயும் ஏறாதீங்க. வருத்தத்துக்குக் குடிக்கிற குளிசை முடிய முந்தி எழுதுங்க, வாற ஆக்களிட்ட குடுத்தனுப்புறன்.

உங்கட
றாஹிலா


ஜுபைல்
20.09.1981

அன்பு றாஹிலாவுக்கு,

குளிசை கிடைச்சிது. எனக்கு நிலத்தில நிண்டுதான் வேலை, நீ பயப்பிடாத.

உனக்கு ஒண்டு தெரியுமா? இஞ்ச நான் ஃபிட்டர். அவ்வளவுதான். ஊரில கலியாண வீட்டில ஆறு பேர் சுத்தியிருந்து திங்கிற சஹன் தட்டில நான் போய் இருந்தா ரெண்டு பேர் மெல்ல எழும்பிப் போவாங்க. நீ பொம்புளைப் பக்கம் இருந்ததால காணல்ல. இஞ்ச ஒருத்தனும் எழும்புறல்ல. தங்கச்சி றாபியாவுக்குச் சீதன வீடு எழும்பாம நான் வர ஏலாது. எழும்பினாப் பிறகும் வர மனம் வருமோ தெரியா.

காலிதீன்


சாய்ந்தமருது
14.01.1982

அன்புள்ள மச்சானுக்கு,

ஷரிபுதீன் லீவில வந்தவர் நேத்து வீட்டுக்கு வந்தார். ஈத்தம்பழம் தந்தார். உங்களைப் பத்திக் கேட்டா பரீனாவைத் திரும்பிப் பாத்தார். பிறகு சொன்னார்: "ராத்தா, என்னிட்டச் சத்தியம் வாங்கினவர். ஆனா மகள்ட முகத்தைப் பாத்தா ஒளிக்க ஏலாம இருக்கு. ரெண்டு தரம் வந்திட்டு. ஒருக்கா அறையில. மத்தது நாப்பது அடி உயரத்தில, பலகையில நிண்டு வேலை செய்யக்குள்ள. இடுப்பில கயிறு கட்டியிருந்ததால தொங்கிக்கொண்டு நிண்டார். நாக்கைக் கடிச்சு வாயெல்லாம் இரத்தம். வெயிலில மயங்கிட்டார் எண்டு போர்மனுக்கு நான்தான் பொய் சொன்னன்."

வந்திருங்க மச்சான். றாபியாட வீடு ஓலையில இருந்தாலும் வீடுதான்.

றாஹிலா


ஜுபைல்
09.02.1982

றாஹிலா,

கயிறு இருக்கு. அது போதும். நீ வாயை மூடிக்கொண்டு இருந்தா ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது.

காலிதீன்


சாய்ந்தமருது
03.03.1982

அன்புள்ள மச்சானுக்கு,

உங்களுக்குத் தெரியாம ஒண்டும் செய்யக் கூடாது எண்டுதான் இதையும் இண்டைய தபாலிலயே போடுறன். உங்கட கம்பெனி மனேஜருக்கு இங்கிலீசில ஒரு கடிதம் எழுதிட்டன். நாலு நாள் எடுத்திச்சு. என்ட புருஷனுக்கு ஃபிட்ஸ் வாறது, அவர் நல்ல வேலைகாரன், தயவு செய்து நிலத்தில வேலை குடுங்க எண்டு எழுதினன். வேலையால நிப்பாட்டச் சொல்லிக் கேக்கல்ல. அல்லாஹ் அறிய அப்பிடி எழுதவேயில்ல.

தபால்பெட்டிக்கு முன்னால கன நேரம் நிண்டன். நீங்க என்னை வெறுப்பீங்க எண்டு தெரியும். வெறுத்துக்கொண்டாலும் உயிரோட இருங்க.

றாஹிலா


கொழும்பு, மருதானை
11.04.1982

றாஹிலாவுக்கு,

நான் வந்து ஆறு நாள். மனேஜர் என்னை முன்னால நிப்பாட்டி வச்சு உன்ட கடிதத்தை முழுசா வாசிச்சார். மலையாளிக் கிளாக்கு தமிழில சொன்னான். "உன்ட மனிசி நல்ல இங்கிலீசு எழுதுறா" எண்டார் மனேஜர். பிறகு என்ட பைலில அன்ஃபிட் எண்டு சீல் குத்தினார். நிலத்து வேலைக்கு ஆள் தேவையில்லையாம். அறைக்குப் பெட்டி எடுக்கப் போனன். கூட இருந்தவங்க எனக்கு வழி விட்டு விலகி நிண்டாங்க. ஷரிபுதீனும்தான்.

ஊருக்கு வரமாட்டன். இந்தப் பாஸ்போட்டுக்கு இனி வேலை கிடைக்காது. வேற ஒருத்தன்ட பேரில ஒண்டு ஒழுங்கு பண்ணியாச்சு, மெடிக்கலும் அவன்ட பேரிலதான். எந்த நாடு எண்டு சொல்லமாட்டன். சொன்னா அங்கயும் எழுதுவாய்.

பரீனாவுக்கு சலாம்.

காலிதீன்


சாய்ந்தமருது
02.05.1982

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கட கடிதத்தைக் கண்ட உடன கொழும்புக்கு லொறி ஓட்டுற சீனித்தம்பி அண்ணனோட உங்கட தம்பி மசூரை மருதானைக்கு அனுப்பினன், ஆறு மாசக் குளிசையும் குடுத்து. லொட்ஜ்காரன், "அவர் முந்தாநாள் போயிட்டாரே" எண்டானாம். குளிசைப் பொதி அப்படியே திரும்பி வந்திட்டு. இந்தக் கடிதத்தையும் அந்த லொட்ஜ் விலாசத்துக்குத்தான் போடுறன், எனக்கு வேற விலாசம் இல்ல.

மன்னிப்புக் கேக்க நினைச்சு இருந்து எழுதத் தொடங்கினன், வரல்ல. அந்தக் கயிற்றை நினைச்சா இண்டைக்கும் அதையேதான் எழுதுவன். ஆனா அண்டைக்கு உங்கட பேராவது உங்களிட்ட இருந்திச்சு.

உங்கட உம்மா நீங்க இன்னும் ஜுபைலில எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறா. பரீனா கேக்கக்குள்ள நானும் அப்பிடித்தான் சொல்றன்.

எந்தப் பேரில போனீங்க எண்டு மசூர் ஏஜென்சி ஏஜென்சியா ஏறி இறங்கினவன். ஒருத்தரும் சொல்லல்ல. அங்க உங்களுக்கு ஒண்டு நடந்தா, மச்சான், தந்தி அந்தப் பேர்க்காரன்ட வீட்டுக்குத்தான் போகும். அவன் வாசலில நிண்டு வாசிச்சுப்போட்டு, தனக்கில்ல எண்டு கிழிச்சுப் போடுவான்.

றாஹிலா