வெற்றுப் பக்கத்துப் பாட்டு

அனோமாபோ,
9 பிப்ரவரி 1976.

அருமை மகள் எக்குவாவுக்கு,

உன்னைப் பெற்ற அட்ஜுவா படுவா எழுதுவது. இங்கே நானும் உன் தம்பி ஜோஜோவும் அவன் பெண்டாட்டியும், என் தலைத்துணியைப் பிடித்து இழுத்தே கந்தலாக்கிவிட்ட என் பேத்தியும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். லண்டன் குளிர் உன்னை ஒன்றும் செய்யாமல் வைத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் உன் பெயரைச் சொல்லித்தான் மண்டியிடுகிறேன். வடக்கத்தித் தூசிக்காற்று இந்த வருஷம் போகவே மாட்டேன் என்கிறது, உதடெல்லாம் வெடித்துக் கிடக்கிறது, மீனும் சரியாகப் படவில்லை. வழக்கமாக என் கடிதத்தை உபதேசியார்தான் எழுதிக்கொடுப்பார். இதை நானே எழுதுகிறேன். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து, எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கும், பொறுமையாகப் படி. இதில் இருப்பது உபதேசியார் காதுக்கு ஆகாது.

நீ இரண்டு கடிதம் போட்டுவிட்டாய், நான் நாலு மாதமாகப் பதில் போடவில்லை. உடம்புக்கு முடியவில்லையா என்று ஜோஜோவிடம் விசாரித்தாயாம். உடம்புக்கு ஒன்றுமில்லை, கோபம். எசி தாவியாவின் வாழ்க்கையையும் நாடகங்களையும் பற்றிப் புத்தகம் எழுதுகிறாய், நல்லது. இந்தக் கடற்கரையில் நாடகம் எழுதி மேடையேற்றிய முதல் பெண் அவள்தான் என்கிறாய், அதுவும் உண்மை, ஊருக்கே தெரியும். ஆனால் புத்தகத்தின் முதல் பக்கத்தில் "என் இன்னொரு தாய் எசி தாவியாவுக்கு" என்று அச்சடிக்கப் போவதாக எழுதியிருந்தாயே, அந்த வரியை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன், தப்பாகப் படித்துவிட்டேனோ என்று மறுபடியும் படித்தேன். அன்றைக்கு அடுப்பில் இருந்த மீன் முழுக்கக் கரிந்துபோனது.

அவளைப் பற்றி எனக்கு நினைவிருப்பதை எழுது என்றாய். எனக்கு எல்லாம் நினைவிருக்கிறது, அதுதான் தொல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள், ஒரே நாளில் மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர்கள். வாசிப்பில் நான்தான் முதல். தாவியா திக்கித் திக்கி வாசிப்பாள், வாத்தியார் பிரம்பை மேஜையில் தட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் மூன்றாம் வகுப்பு முடிந்ததும் அவளுடைய தாய்மாமா அவளைக் கேப் கோஸ்ட்டுக்கு மேல்படிப்புக்கு அனுப்பினார், என்னுடைய தாய்மாமா என் தலையில் மீன் தட்டை ஏற்றினார். இந்த ஒரு வரியை உன் புத்தகத்தில் எங்கேயாவது போடு.

விளக்கு வைத்த பிறகு முற்றத்தில் கதை நடக்கும். தாவியா கதை சொல்வாள், அதில் அவளை அடிக்க ஆளில்லை, கதையில் வருகிற தந்திரக்காரச் சிலந்தி நடக்கிற மாதிரி அவள் நடந்தால் கிழவர்கள் சிரித்துச் சிரித்து இருமுவார்கள். கேட்கிறவர்களுக்கும் ஒரு உரிமை உண்டு, அது உனக்குத் தெரியும். கதை சறுக்கினாலோ இழுத்தாலோ எழுந்து நின்று, நிறுத்து, அன்றைக்கு நான் அங்கே இருந்தேன் என்று சொல்லி ஒரு பாட்டை எடுத்துவிடலாம். பாட்டு முடிகிறவரை சொல்கிறவள் வாயைத் திறக்கக் கூடாது, நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அவளை நிறுத்துவது எப்போதும் நான்தான். அவள் கதை ஊரில் நின்றதற்குப் பாதிக் காரணம் என் பாட்டு. இதையும் யாரும் எழுதவில்லை.

அவள் படித்தாள், ஆசிரியை ஆனாள், கடல் தாண்டிப் போனாள், திரும்பி வந்தாள். வெள்ளைக்காரன் பாஷையில் எழுதினால் பெயர் வரும் என்று பெரிய மனிதர்கள் சொன்னபோது நம் ஃபான்டி பாஷையில்தான் எழுதுவேன் என்றாள். பெண்பிள்ளைக்கு நாடகம் எதற்கு என்று பாதிரியார் கேட்டதற்கு, பைபிளில் இத்தனை பெண்கள் பேசுகிறார்களே, அவர்களுக்கெல்லாம் யாரிடம் அனுமதி வாங்கினீர்கள் என்று திருப்பிக் கேட்டாள். லாரி நிலையத்தில் சோளமாவுக் கெங்கே உருண்டை விற்ற பெண்களைக் கூட்டி வந்து நடிக்கப் பழக்கினாள். ஒரு தகரப்பெட்டித் துணியோடு ஊர் ஊராகப் போனாள். எனக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது, மறைப்பானேன்.

சுதந்திரம் வந்து இரண்டாவது வருஷம் நம் ஊருக்கு அந்த நாடகத்தைக் கொண்டுவந்தாள். உனக்குப் பத்து வயது. பள்ளி மைதானத்தில், சனிக்கிழமை வெயில் தாழ்ந்த பிறகு. படகுக்காரன் ஒருவன் இரண்டாவது பெண்டாட்டியைக் கூட்டி வருகிறான், மூத்தவள் புகையடுப்பை அணைத்துவிட்டு, "உன் மீன்ல இப்ப ரெண்டு வாசனை வருது, எந்த மூக்குக்குப் பிடிக்குதோ அங்க கொண்டு போ" என்கிறாள். அது என் வாய்ச்சொல். உன் அப்பா கோபினா அந்த வின்னேபா ஊர்க்காரியைக் கூட்டி வந்த அன்றைக்கு நான் சொன்னது. நடித்தவள் தலைத்துணியைக்கூட என்னைப்போல இடப்பக்கம் முடிந்திருந்தாள். சனமெல்லாம் திரும்பித் திரும்பி என்னைப் பார்த்தது. நீ மட்டும் பார்க்கவில்லை, மேடையோரம் நின்ற தாவியாவையே வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாய். கடைசியில் அந்த மூத்தவள் மனமிரங்கி, புருஷனை மன்னித்து வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். நான் கோபினாவை மன்னிக்கவில்லை, அவரைப் புதைத்த பிறகும் இல்லை. எழுந்துவிட்டேன்.

"நிறுத்துடி தாவியா. அன்னைக்கு நான் அங்க இருந்தேன்."

அக்ராவிலிருந்து வந்த நடிகர்களுக்குக் கை கால் ஓடவில்லை. பூட்ஸ் போட்ட ஒருவன் ஓடி வந்து, அம்மா உட்காருங்க, நாடகம் நடக்குது என்றான். "நடக்கட்டும் தம்பி, அதுல நடக்கிறதே நான்தான்" என்றேன், சனம் கொல்லென்று சிரித்தது. தாவியா மேடை நடுவில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றாள், முற்றத்தில் நின்ற மாதிரியே. நான் பாட்டை எடுத்தேன், ஊரே கைதட்டிக் கூடப் பாடியது. நீ வெட்கப்பட்டு அவர்கள் லாரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாய். அதனால்தான் அந்தப் பாட்டு உனக்குத் தெரியவில்லை. எடுத்தவள் உயிரோடு இருக்கும்போது ஊரில் வேறு யாரும் உனக்குச் சொல்லவும் மாட்டார்கள்.

அதற்குப் பிறகு எந்த ஊரில் போட்டாலும் அந்த இடத்தில் நாடகம் நிற்கும், சனத்தில் யார் வேண்டுமானாலும் எழுந்து பாடலாம் என்று அவள் வைத்துவிட்டாள். அச்சுப் புத்தகத்திலும் அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறாள். பெரிய கண்டுபிடிப்பு என்று நீ எழுதியிருக்கிறாய். கண்டுபிடிப்பாம். அது என் கோபம்.

அந்தப் பக்கத்துக்குரிய பாட்டைக் கொடு, புத்தகத்தில் போடுகிறேன் என்று கேட்டாய். தாவியாவைக் கேட்டதற்கு, அது படுவாவின் சொத்து என்று சொல்லிவிட்டாளாம். நாலு மாதமாக அந்தப் பாட்டை எழுதிக் கையில் வைத்திருந்தேன், உறையில் போட்டு ஒட்டக்கூட ஒட்டிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை அவளே வந்தாள். கையில் தடி, நடை தளர்ந்துவிட்டது. புகையடுப்புப் பக்கத்தில் பலகை போட்டு உட்கார்ந்தாள்.

"உன் புகைக்கு இன்னும் என் கண்ணுதான் கிடைச்சுது படுவா" என்றாள்.

"அதான் ரெண்டு கண்ணாடி மாட்டியிருக்கியே" என்றேன்.

சிரித்தாள். பொரித்த மீனும் கெங்கேயும் வைத்தேன், மிளகாயை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டாள். பிறகு சொன்னாள்: "பொண்ணு கேக்குறாளே, அந்தப் பாட்டைக் குடுத்துடு. அச்சுல போகட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நீ நிறுத்தினா நான் நிக்கணும், அதானே நம்ம முறை."

நான் எழுந்து போய் அந்த உறையை எடுத்து வந்தேன். ஏன் என்று சொல்கிறேன், கேள்.

அந்தப் பாட்டு இதுதான்: புருஷன் கைவிட்ட ஒருத்தி முதுகில் பிள்ளையோடு தோழி வீட்டுக்குப் போனாள், தோழி புத்தகத்தைத் திறந்தாள், கதவைத் திறக்கவில்லை. எக்குவா, அவள் கதவைத் திறந்தாள். அப்போது அவள் சால்ட்பாண்டில் ஆசிரியை. வின்னேபாக்காரி வந்த வருஷம், உனக்கு இரண்டு வயது. கதவைத் திறந்து, உன்னை என் முதுகிலிருந்து இறக்கி, பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டு ஊட்டினாள், தவளை மாதிரி குதித்துக் காட்டினாள். அறை இருக்கிறது, இரண்டு பேரும் இங்கேயே இருங்கள் என்றாள். நீ அப்படி என்னிடம் சிரித்ததே இல்லை. பொழுது சாய்ந்ததும் வா என்று கை நீட்டினேன். நீ அவள் துணிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வரமாட்டேன் என்றாய். புருஷன்தான் போனான், ஒரு மாதம் இங்கே இருந்தால் பிள்ளையும் போய்விடும் என்று நினைத்தேன். கதறக் கதற உன்னை முதுகில் கட்டிக்கொண்டு கடைசி லாரியில் ஏறி உன் அப்பாவிடம் திரும்பினேன். கேட்டவர்களிடமெல்லாம் தாவியா சேர்க்கவில்லை என்று சொன்னேன். நான் ஏன் புருஷனிடம் திரும்பிப் போனேன் என்று தாவியாவுக்கும் தெரியாது, நான் சொல்லவில்லை, பாவம் அவள், மன்னித்துத்தான் போனேன் என்று ஊகித்து நாடகத்தில் எழுதிவிட்டாள். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன் என்று ஊர் நடுவில் நின்று பொய் பாடினேன், அவளும் அங்கே இருந்தவள்தான், கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். இத்தனை வருஷமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவளை என்னால் இதற்காகவே மன்னிக்க முடியவில்லை.

ஒட்டின உறையை அவள் கண்ணெதிரே அடுப்பில் போட்டேன். என்னடி அது என்றாள். பழைய காகிதம் என்றேன். ஆகவே நடுப் பக்கத்தை வெறுமையாகவே விடு. அது அவளுக்கு நான் கொடுப்பது. முதல் பக்கத்தில் அந்தத் தாய் என்ற சொல்லை எடுத்துவிடு. அது நீ எனக்குக் கொடுப்பது. குரு என்று போடு, ஆன்ட்டி என்று போடு, எவ்வளவு பெரிய சொல் வேண்டுமானாலும் போடு, அதை மட்டும் போடாதே.

வெறும் வயிற்றோடு நூலகத்துக்கு ஓடாதே, காதுக்குக் கம்பளி கட்டு. மழைக்கு முன்னால் ஒருமுறை வந்து போ. வந்தால் முதலில் என் வீட்டுக்கு வர வேண்டும், சாப்பிட்டுவிட்டு அவளைப் பார்க்கப் போகலாம், நானும் கூட வருவேன். ஆண்டவர் உன் கையையும் பேனாவையும் காக்கட்டும், போகிற வழியெல்லாம் உனக்குத் திறந்த கதவாக இருக்கட்டும். இந்தக் கடிதத்தைப் புத்தகத்தில் சேர்த்துவிடாதே.

உன்னைப் பெற்ற ஒரே தாய்,
அட்ஜுவா படுவா