கண்ணு ரெண்டை விட்டுவிட்டு

காரமடை
29.1.1995

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் வெள்ளியங்கிரி அவர்களுக்கு,

வணக்கம். பத்து நாளுக்கு மேலாக வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி முடியாது. பள்ளியில் பேச வந்தால் "அப்புறம் பார்க்கலாமுங்க" என்று ஃபைலைத் திறந்துகொள்கிறீர்கள். அதனால்தான் கணபதியில் இருக்கும் உங்கள் வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று நான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தேன். பிரேயர் மணி அடித்து முடிந்திருந்தது. பத்தாம் வகுப்பு சண்முகப்பிரியா கேட்டுக்குள் ஓடி வந்தாள். பெரியநாயக்கன்பாளையத்தில் டவுன் பஸ் நிற்காமல் போய்விட்டதாம். அதை அவள் சொல்லி முடிக்கவில்லை. கேட்டில் நின்ற கணக்கு வாத்தியார் அருள்குமார் இடது கன்னத்தோடு காதையும் சேர்த்து அறைந்தார். அவள் கையிலிருந்த டிபன் பாக்ஸ் தெறித்து விழுந்தது. அழவில்லை அந்தப் பெண். குனிந்து மூடியைத் தேடினாள்.

மூன்றாவது பீரியட் எனக்கு அந்த வகுப்பில் அறிவியல். அவளுக்கு இடது பக்கம் நின்று கேள்வி கேட்டேன். திரும்பவில்லை. பக்கத்துப் பெண் தொட்ட பிறகுதான் எழுந்தாள். சட்டைக் காலரில் ரத்தப் பொட்டு இருந்தது.

ஆசிரியர் நடத்தை விதிகள் என்று ஒன்றைப் போன ஜூனில் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி, கண்ணாடி போட்டு ஸ்டாஃப் ரூமில் மாட்டியிருக்கிறீர்கள். மாணவரை அடிக்கக் கூடாது என்பதுதான் அதில் முதல் விதி. அதை எழுதிக் கொடுத்தவன் நான். "உங்க தமிழ்தான் நல்லாருக்கும், எழுதிக் குடுங்க" என்று வாங்கிக்கொண்டீர்கள். தலைமை ஆசிரியர் நாற்காலிக்கு ஆகாத தமிழ், விதி எழுத ஆகும் போலிருக்கிறது.

அருள்குமார் நம் தாளாளர் மனைவியின் அண்ணன் மகன் என்பது ஊருக்கே தெரியும். அவர் மீது நடவடிக்கை உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்கள்.

அன்று உங்கள் அறை ஜன்னல் திறந்திருந்தது. நீங்கள் அங்கே நின்றிருந்தீர்கள். என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

இப்படிக்கு,
கோ. கோவிந்தராஜுலு

*

கணபதி
6.2.1995

அன்பு ராஜுலு,

நலம். உன் வீட்டுக்காரம்மா ரங்கநாயகியின் முட்டி வலி இப்போது எப்படி? காரமடைத் தேருக்கு வீட்டோடு வருவதாக இருக்கிறோம். போன தடவை உன் வீட்டில் போட்ட புளியோதரையை என் வீட்டுக்காரி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதென்னப்பா, "மதிப்பிற்குரிய", "நீங்கள்"? பி.எட். படிக்கும்போது ஒரே அறை, ஒரே வாளி. நான் குளிக்கும்போது வெளியே நின்று கதவைத் தட்டியவன் நீ. இந்த நாற்காலியில் நான் உட்கார்ந்து ஆறு வருடம் ஆகிறது. இன்னும் நீ மனதார "வெள்ளிங்கிரி" என்று கூப்பிடவில்லை. உன்னைவிட ஒரு வருடம் சர்வீஸில் இளையவன் நான், வாஸ்தவம். நானா போய்க் கேட்டேன்? தாளாளர் கூப்பிட்டுக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அருள்குமாரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "மெதுவாத்தானுங்க தட்டுனேன், அந்தப் புள்ளைக்குச் சின்னதுல இருந்தே காதுல சீழுங்க" என்கிறான். பிள்ளையின் தாயார் இதுவரை ஒரு வார்த்தை புகார் சொல்லவில்லை. புகார் இல்லாமல் நான் எதை வைத்து விசாரிப்பது? தாளாளரிடம் ஜாடையாக எடுத்தேன். "ஸ்கூலுன்னா நாலும் இருக்குமுங்க சார்" என்று பேச்சை மாற்றிவிட்டார்.

அடுத்த வருடம் மே மாதம் நான் ஓய்வு. என் பென்ஷன் பேப்பரெல்லாம் அவர் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். எனக்குப் பிறகு சீனியர் நீதான். இத்தனை நாள் பொறுத்தாய். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கொள்.

பரீட்சை நேரத்தில் அந்தப் பிள்ளையின் மனசைக் கலைக்க வேண்டாம்.

அன்புடன்,
வெள்ளியங்கிரி

*

காரமடை
20.2.1995

மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களுக்கு,

புகார் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏன் இல்லை என்று தெரிந்துகொள்ள நேற்று பெரியநாயக்கன்பாளையம் போனேன். அந்தப் பெண்ணின் தாயார் ராசாத்தாள் பம்ப்செட் பட்டறையில் கூலி வேலை பார்க்கிறார். தகப்பன் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் பதறிப்போய் இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "வாங்க சார், உக்காருங்க. புள்ள எதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டாளுங்களா?"

"அதெல்லாம் இல்லீங்க அம்மிணி. காது எப்படி இருக்குது?"

"ஆசுபத்திரில காட்டுனமுங்க. சவ்வுல ஓட்டையாம். தண்ணி படாம வெச்சுக்கோணும், தானா மூடுலீன்னா ஆப்ரேசன்னு சொல்றாங்க. எப்படி ஆச்சுன்னு கேட்டாங்க. படியில உளுந்துட்டான்னு சொல்லிப்போட்டனுங்க."

"ஏனுங்க அப்படிச் சொன்னீங்க?"

"பின்ன, வாத்தியாரைக் காட்டிக் குடுக்கறதுங்களா? ஆறாவது சேக்கறப்ப உங்க எல்லாருத்துகிட்டயும் நாந்தான சொன்னனுங்க. கண்ணு ரெண்டை உட்டுப்போட்டு மத்ததெல்லாம் உங்க பொறுப்புன்னு. சொல்லிப்போட்டு இப்ப வந்து கேக்க முடியுங்களா?"

உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சண்முகப்பிரியா அங்கிருந்தே சொன்னாள்: "கண்ணை உடச் சொன்னியே, காதையும் சேத்துச் சொல்லியிருக்கலாமில்ல நீயி?"

தாயார் சிரித்துவிட்டார். "வாயப் பாருங்க சார் இவளுக்கு." என்னால் சிரிக்க முடியவில்லை.

ஒவ்வொரு ஜூனிலும் நம் பள்ளி அலுவலகத்தில் பெற்றோர் இதையே சொல்கிறார்கள். நாமும் மரியாதையாகத் தலையை ஆட்டுகிறோம். யாராவது ஒருவர், "அப்படிச் சொல்லாதீங்கம்மா, எங்களுக்கு அந்த உரிமை கிடையாது" என்று சொல்லியிருக்கிறோமா? வாய்ச் சொல்லுக்கு அந்த அம்மாள் கட்டுப்பட்டு நிற்கிறார். எழுதிக் கையெழுத்துப் போட்டதற்கு நாம் கட்டுப்படவில்லை.

எழுதிக் கொடுங்கள், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார். "வேண்டாமுங்க சார். இவ பதனொண்ணாவதும் அங்கியேதான் படிக்கோணும். முதல் குரூப்பு எடுக்கோணும்னு ஒத்தக் கால்ல நிக்கறா. அது போதுமுங்க எங்களுக்கு."

அந்த அளவுக்காவது பள்ளி உறுதி தருமா? பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
கோ. கோவிந்தராஜுலு

*

கணபதி
9.3.1995

அன்பு ராஜுலு,

நேற்று ஆஃபீஸ் பையன் கொடுத்த மெமோவைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாய். என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதில் இருப்பது என் கையெழுத்து. எழுதச் சொன்னது நான் அல்ல.

அனுமதியில்லாமல் எந்த ஆசிரியரும் மாணவர் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. நீ அந்த வீட்டுக்குப் போனதை யாரோ தாளாளர் காதில் போட்டிருக்கிறார்கள். அந்த விதியைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது யார் என்று உனக்கு ஞாபகப்படுத்த எனக்குப் பிடிக்கவில்லை. வீடு வீடாகப் போய் டியூஷன் பிடிக்கிற அருள்குமாரை மடக்கத்தான் நீ அதை எழுதினாய். அவன் இப்போது டியூஷனைத் தன் வீட்டு மாடியிலேயே வைத்துக்கொண்டான். விதி உன் மேல் விழுந்துவிட்டது.

"அறியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது" என்று இரண்டு வரி எழுதிக் கொடு. நான் முடித்துவிடுகிறேன்.

இன்னொன்று. கோபப்படாமல் படி. நீ கல்வி அலுவலகத்துக்கு எழுதப் போவதாக ஸ்டாஃப் ரூமில் பேச்சு அடிபடுகிறது. எழுதினால் யார் நம்புவார்கள் ராஜுலு? என் நியமனத்துக்கு எதிராக மனு போட்டாய். கடைசி பீரியட் உனக்கே வருகிறது என்று மனு. என்.சி.சி. பொறுப்பு கிடைக்கவில்லை என்று மனு. மின்விசிறி உன் பக்கம் திரும்பவில்லை என்றுகூட ஒரு மனு. "ராஜுலு சார் இன்னைக்கு எதுக்குங்க மனு, டீயில சக்கரை கம்மிங்களா?" என்று டிராயிங் மாஸ்டர் கேட்டபோது நீயும்தான் அங்கே இருந்தாய். நீ இப்போது உண்மையைச் சொன்னாலும், பதவி கிடைக்காதவன் பொருமுகிறான் என்றுதான் அந்த ஆஃபீஸில் எடுத்துக்கொள்வார்கள். நான் உன்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அதுதான் நிலைமை.

பிள்ளைக்கு மார்க் வந்தால் சீட் உண்டு. இதை நான் என் பொறுப்பில் சொல்கிறேன்.

தேருக்கு வர முடியாது போலிருக்கிறது. வீட்டில் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
வெள்ளியங்கிரி

*

காரமடை
18.6.1995

வெள்ளியங்கிரி,

உன் பொறுப்பில் சொன்னாய். அதை நம்பி அந்த இரண்டு வரியை எழுதிக் கொடுத்தேன். அறியாமல் நடந்துவிட்டது, இனி நடக்காது என்று. அடித்தவன் அப்படி ஒரு வரி எழுதவில்லை. பார்க்கப் போனவன் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை அட்மிஷன் மேசையில் நாம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் நீ, உன் வலது பக்கம் அருள்குமார், ஓரத்தில் விண்ணப்பம் சரிபார்க்க நான். நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். பிறகு நீ எனக்குத் தெரியாது என்று சொல்லக் கூடாது.

அந்தப் பெண்ணின் மார்க் நானூறைத் தாண்டியிருந்தது. கணக்கில் மட்டும் தொண்ணூற்றாறு. அருள்குமார் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தார்.

"ஏனுங்கம்மா, புள்ளைக்குக் காது செரியாக் கேக்காதாமா. முதல் குரூப்புன்னா லேபெல்லாம் இருக்குதுங்க. எப்படிச் சமாளிப்பா? எல்லாம் அவ நல்லதுக்குத்தான் சொல்றேன். வேற ஸ்கூல் பாத்துக்குங்க."

நீ மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

சண்முகப்பிரியா தலையைச் சாய்த்து வலது காதைக் கொடுத்து அதை முழுக்கக் கேட்டாள். பிறகு அருள்குமாரிடம் பேசவில்லை, உன்னிடம்தான் சொன்னாள். "இடது ஓரமா செவுத்துப் பக்கம் உக்காந்துக்கறனுங்க சார். அங்கிருந்தா எனக்கு எல்லாமே கேக்குமுங்க."

நீ பதில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வாயைத் திறந்தேன். உன் மார்ச் மாதக் கடிதம் ஞாபகம் வந்தது. நான் பேசினால் அது அவளுடைய சீட்டைப் பற்றிய பேச்சாக இருக்காது, என்னுடைய ஆறு வருடக் கோபமாகிவிடும் என்று தோன்றியது. அந்த நேரத்துக்குள் ராசாத்தாள் "செரிங்க சார், ரொம்ப நன்றிங்க" என்று கும்பிட்டுவிட்டு மகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார். நன்றி சொல்லிவிட்டுப் போனார், வெள்ளியங்கிரி.

நேற்று அனுமதி கேட்காமல் மறுபடியும் அந்த வீட்டுக்குப் போனேன். வேண்டுமானால் இன்னொரு மெமோ கொடு. வேறு இரண்டு பள்ளிகளில் கேட்டார்களாம். முதல் குரூப் நிரம்பிவிட்டது என்றார்களாம். திங்கட்கிழமையிலிருந்து அவளையும் பட்டறைக்குக் கூட்டிப் போகிறாராம் தாயார். "மெசின் சத்தம் இவளுக்குப் பாதிதானுங்க கேக்கும், அதுவும் நல்லதுக்குத்தான்" என்றார். இந்தத் தடவை அந்தப் பெண் எதுவும் சொல்லவில்லை.

இன்று காலை கல்வி அலுவலருக்கு எழுதி முடித்தேன். ஒரே பக்கம். கேட்டில் நான் பார்த்தது, வகுப்பில் பார்த்தது, அட்மிஷன் மேசையில் கேட்டது. தாளாளரைப் பற்றி இல்லை. உன் நியமனம் பற்றி இல்லை. நான் எழுதியவற்றில் என்னைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாத மனு இது ஒன்றுதான்.

கடைசியில் பெயர் போட வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வேலை போய்விடும் என்பதால் அல்ல. அது போனால் ரங்கநாயகிகூட நிம்மதி அடைவாள். என் பெயரைப் போட்டால் அந்த ஆஃபீஸில் பழைய மனுக்கள் இருக்கும் கட்டை எடுத்து, இதையும் அதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். மின்விசிறி மனுவுக்குக் கீழே அந்தப் பெண்ணின் காது போய்ச் சேரும். பெயர் போடாவிட்டால் மொட்டைக் கடிதம். மொட்டைக் கடிதத்தை எப்படி நடத்துவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். "விளக்கம் தருக" என்று மேலே எழுதி, சம்பந்தப்பட்ட பள்ளியின் தலைமை ஆசிரியருக்கே அனுப்பிவைப்பார்கள்.

அதாவது உனக்கு. ஆகஸ்டோ செப்டம்பரோ, அட்மிஷன் எல்லாம் முடிந்து அவளுக்காக இனி எதுவும் செய்ய முடியாது என்ற நிலை வந்த பிறகு, அது உன் மேசைக்கு வரும். பிரித்ததும் யார் எழுத்து என்று உனக்குத் தெரிந்துவிடும். பி.எட். காலத்தில் என் நோட்டைப் பார்த்துத்தான் நீ ரெக்கார்டு எழுதினாய். யாருடைய எழுத்து என்று தாளாளரிடம் சொல்வதானால் சொல்லிக்கொள். ஆனால் விளக்கம் என்ற இடத்தில் நீ ஏதாவது எழுதித்தான் ஆக வேண்டும். அன்று ஜன்னலில் நின்றவன் என்ன எழுதுவான் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்கு நான் எழுதிய கடிதங்களில் ஜன்னல் என்ற ஒன்றுக்கு மட்டும் நீ பதில் எழுதவே இல்லை.

இனி கணபதிக்கு எழுத மாட்டேன். அடுத்த வருடத் தேருக்கும் உங்களை எதிர்பார்க்கவில்லை.

இரண்டு உறைகளிலும் முகவரி எழுதிவிட்டேன். காரமடை முத்திரை விழ வேண்டாம் என்று மேட்டுப்பாளையம் போய்ப் போடப் போகிறேன். அதில் பெயர் இல்லை. இதிலும் போடவில்லை.