ஒத்தைக் குலவை

உன் அண்ணன் மகன் கல்யாணத்தில் உன் குரலைக் கேட்டேன். வயிறு எரிந்துபோய் எழுதுகிறேன்.

சின்னக்கானல் எஸ்டேட் மைதானத்தில் பந்தல். சாப்பாடு முடிந்ததும் டிஜேக்காரர்கள் ஸ்பீக்கரை அலறவிட்டார்கள். அந்த ரீமிக்ஸ்தான். உன் பாட்டை எவனோ வெட்டி, குரலைக் கீச்சுக் குரலாக்கி, அடியில் டமடமவென்று சேர்த்து, நீச்சல் குளத்தருகே வேறொரு பெண் ஆடும் வீடியோவோடு விட்டானே, அதே. அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை, அவளும் கூலிக்கு ஆடியவள்தான். ஆனால் உன் பெயர் எங்கேயும் இல்லை. நடுவில் உன் குலவை வந்தது. கடைசியில் சிரிப்பு முட்டி லேசாக உடையுமே, அதை மட்டும் அவனால் மாற்ற முடியவில்லை.

உன் பாட்டை வீடியோ எடுத்த பகல் கண்ணிலேயே நிற்கிறது. கோயம்புத்தூரிலிருந்து கேமராவோடு வந்தவர்கள் எல்லோரையும் பட்டுச்சேலை கட்டச் சொன்னார்கள். தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் சுற்றுகிற பிளாஸ்டிக் படங்கைக் காட்டி, “இதோடதான் ஆடுவோம். இஷ்டம்னா எடுங்க” என்றாய். நீ பாடி முடித்துக் குலவை போட்டதும் மேட்டில் நின்ற நாங்கள் பதில் குலவை போட்டோம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருத்தி போட்டால் காதில் விழுந்தவர்கள் சேர்ந்து போடவேண்டும், ஒத்தைக் குலவை ஆகாது என்பது நம் லயத்து வரிசை வீடுகளில் குழந்தைக்கும் தெரியும்.

வீடியோ வெளியானதும் உன் அண்ணன் வாசலை மறித்தார். “ஊரு முன்னாடி இடுப்ப ஆட்டுனவளுக்கு இந்த வீட்ல எடமில்ல.” நீ பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தாய். போனில் வந்த வசவுகளை எனக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தாய். “திட்டுறவன் பூரா முழுசாப் பாத்துட்டுத்தாண்டி திட்டுறான்.”

ரீமிக்ஸ் வந்தபோதுதான் நீ சிரிக்கவில்லை. “பேரப் போடாட்டிப் போறான். ஒங்க பதில் குலவைய வெட்டிட்டு அந்த எடத்துல டமடம அடியச் சேத்திருக்கான் பாரு. என்னைய ஒத்தையா நிக்க வச்சிட்டாண்டி.” அடுத்த மழைக்குள் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. அண்ணன் கொள்ளி வைக்க மட்டும் வந்தார்.

பந்தலில் அத்தனை பெண்கள் இருந்தோம். உன் குலவை கேட்டது, ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. ஸ்பீக்கரில் வருவதற்கு எதற்குப் பதில் என்று நினைத்தார்களோ என்னவோ. உன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுவில் ஆடிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று தொண்டை கிழியக் குலவை போட்டேன். தாளத்தோடு சேரவில்லை. இளசுகள் சிரித்தார்கள்.

“என்னம்மா, டிஜே பாட்டுக்குப் போயி குலவை போடுற?” என்றார் உன் அண்ணன்.

“ஒங்க தங்கச்சி கொரலுண்ணே இது. அவ போட்டா நான் பதில் போடாம இருப்பனா?”

மனுஷன் ஆட்டம் நின்றது. “இதா? இதுதான் அவ பாட்டா?”

நீ சொன்னது உன் அண்ணன் விஷயத்தில் தப்படி. திட்டுவதற்காகக்கூட அவர் அந்த வீடியோவைப் பார்த்ததில்லை. டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு உன்னை வாசலோடு அனுப்பியிருக்கிறார். பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்குப் பாவமாகவே இல்லை.

“பாட்ட நிறுத்துங்கப்பா” என்றார். “நிறுத்தக் கூடாது. மறுபடி போடுங்க” என்றேன். போட்டார்கள். இந்த முறை உன் மதினி என் பக்கத்தில் வந்து நின்று குலவை போட்டாள். பிறகு மற்றவர்களும். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு லயத்தைக் கடந்தபோது இதே பெண்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றார்கள். அதை நான் மறக்கப் போவதில்லை.

இப்போது மூணாறு பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தாலும் பதில் குலவை போடுகிறேன். கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார். பார்க்கட்டும். நீ போடு, நான் இருக்கிறேன்.