மடை திறந்த கை

செங்குளம், தேவதானம் வழி,
பிலவ வருஷம், மாசி மாதம்.

கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் சீனியின் அப்பா அவர்களுக்கு, உங்கள் வீட்டுக்காரி சுடலைமாடத்தி கும்பிட்டு எழுதச் சொல்லிய கடிதம்.

இவ்விடம் க்ஷேமம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டுமாம். மிஷன் பள்ளிக்கூடத்து ஞானதுரை வாத்தியார் சொல்கிறார். எழுதிக்கொள்ளுங்கள், காகிதத்திலாவது க்ஷேமமாக இருந்துவிட்டுப் போகிறோம் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் அதை நல்ல தமிழாக்கி எழுதுகிறார். என் வாயின் காரம் எங்கேயாவது குறைந்திருந்தால் அது அவர் பேனாவின் குணம், என் மனம் ஆறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் பெயரை நான் சொல்லக் கூடாது என்பதால் மேல்விலாசத்துக்குச் சீனிதான் சொன்னாள். அவள் என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். போட்டுக்கொள்ளப் பாவாடை ஒன்றுதான் இருக்கிறது.

இரண்டு வருஷம் ஏமாற்றிய வானம் இந்த ஐப்பசியில் கொட்டித் தீர்த்துவிட்டது. மலையிலிருந்து ஓடைத் தண்ணீர் செம்மண்ணாக இறங்கி, நம் குளம் கரையை முட்டிக்கொண்டு நின்றது. "கொளமே நெறையாத ஊர்ல மடைக்காரனுக்கு என்னட்டி வேல?" என்று கேட்டுவிட்டுத்தானே ஆள் பிடிக்க வந்த கங்காணி பின்னால் போனீர்கள்? புரட்டாசி பிறக்கும் முன் வந்துவிடுவதாகச் சொன்னீர்கள். குளம் நிறைந்துவிட்டது. நீங்கள் வரவில்லை.

கிணற்றில் கமலை இறைத்து வளர்த்த நாற்று நாற்றங்காலிலேயே முற்றத் தொடங்கியது. இனியும் மடை திறக்காவிட்டால் நடவு இல்லை என்ற நிலை. ஊர்க்காரர்கள் நம் வாசலுக்கு வந்து நின்றார்கள். மணியக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து, "ஆம்பள எப்ப வருதான்?" என்று கேட்டார். வந்துருவாவ என்றேன். மறுநாளும் வந்து கேட்டார். அதையேதான் சொன்னேன். அதற்கு மறுநாள் எனக்கே சொல்லக் கூச்சமாக இருந்தது.

குளத்தடியில் மூழ்கி மடையைத் திறக்க உங்கள் சித்தப்பா மகன் இருளப்பசாமியை இறக்கினார்கள். மடை வேலை நம் குடும்பத்து உரிமை என்றால் அவனும் குடும்பம்தானே? அவன் மூழ்கிவிட்டு, மூக்கில் ரத்தத்தோடு எழுந்து வந்து, "அடி தட்டல" என்று கரையில் படுத்துக்கொண்டான். சேத்தூரிலிருந்து ஆள் கூப்பிடலாமா, அப்படிக் கூப்பிட்டால் நம் ஊர்க் குளத்தில் வேற்றூரான் கை வைத்ததாகிவிடாதா என்று பெரியவர்கள் கரையில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். பேசினார்கள், பேசினார்கள், வெற்றிலை தீரும்வரை பேசினார்கள்.

நான் கூமாப்பட்டிக்காரி. அங்கே கிணற்றில் நீந்தாத பெண் பிள்ளை கிடையாது. வருஷாவருஷம் உங்கள் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்றவளும் நான்தான். நீங்கள் எங்கே மூழ்குவீர்கள், எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியாததா?

நம் வழக்கத்தை நினைத்துப் பார்த்தேன். மடை திறந்ததும் தண்ணீர் இழுக்கும் இழுப்பில் ஆளும் உள்ளே போய்விடலாம் என்று, மடைக்காரன் இறங்கும் முன் அவன் பெண்சாதி தாலியைக் கழற்றி மடையம்மன் கல்லில் வைக்க வேண்டும். எழுந்து வந்தவன் ஈரக் கையோடு அதை எடுத்து அவள் கழுத்தில் திரும்பக் கட்ட வேண்டும். ஊரில் மற்றவளுகளுக்கு ஒரு தடவைதான் கல்யாணம், எனக்கு மழை பெய்த வருஷமெல்லாம் கல்யாணம் என்று நான் சிரிப்பேன். நீங்களும் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே முடிச்சை இறுக்கிப் போட்டு வலிக்க வைப்பீர்கள்.

அன்றைக்குத் தாலியைக் கழற்றிக் கல்லில் வைத்தேன். சீலையை வரிந்து கட்டி, கயிற்றை மருத மரத்தில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு குதித்தேன். முதல் தடவை கை சேற்றில்தான் பட்டது. அடுத்த தடவை மடையின் கல் தொட்டி அகப்பட்டது. அதன் வாயை அடைத்திருந்த கட்டையைக் காலை ஊன்றிப் பிடுங்கினேன். பேய் பிடித்து இழுப்பது போலத் தண்ணீர் இழுத்தது. நான் செத்தேன் என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தைப் போல என்றைக்கும் வந்ததில்லை. அந்தக் கோபம்தான் என்னை மேலே கொண்டுவந்தது.

கரையேறினேன். வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. நின்றவர்கள் அம்புட்டு பேரும் வாய்க்காலைப் பார்த்தார்கள். என்னை ஒருவரும் பார்க்கவில்லை. சீனி மட்டும் ஓடி வந்து தன் தாவணியால் என் தலையைத் துவட்டினாள்.

நடவெல்லாம் முடிந்த பிறகு ஊர்க்கூட்டம் போட்டார்கள். நம் ஊர்க்கூட்டம் உங்களுக்குத் தெரியும். மடைத் தண்ணீர் யார் வயலில் முதலில் பாய்கிறதோ அவர்தான் முதலில் பேசுவார். கடைசி வயல்காரர் கடைசியில் உட்கார்ந்து தலையாட்டுவார். நெல் விளைகிற வரிசையில்தான் நம் ஊரில் மனிதர்களும் விளைகிறார்கள். மடை திறக்கிறவனுக்கு அந்த வரிசையில் இடமே இல்லை, தூரத்தில் நின்றுதான் கேட்க வேண்டும். அவன் பெண்சாதியான நான் அதற்கும் தூரத்தில் நின்றேன். பொம்பளை கை பட்ட மடைக்குத் தீட்டுக் கழிக்க வேண்டும் என்று தீர்ப்பானது. கிடா வெட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். மடைக்குத்தான் தீட்டாம். அதில் பாய்ந்த தண்ணீருக்குத் தீட்டு இல்லை, அந்தத் தண்ணீரில் விளையப்போகிற நெல்லுக்கும் இல்லை. ஆண் இல்லாத வீட்டில் மடை உரிமை நிற்காது என்று இருளப்பசாமியை மடைக்காரனாக்கினார்கள். மூக்கில் ரத்தம் வந்தாலும் மீசை இருக்கிறதல்லவா!

தையில் நல்ல விளைச்சல். களத்தில் பொலி தூற்றியதும் முதல் மரக்கால் நெல் மடைக்காரன் வீட்டுக்கு என்பது நம் தாத்தன் காலத்து வழக்கம். வெட்கத்தை விட்டு நானும் கடகப் பெட்டியோடு போய் நின்றேன். என் கண் முன்னால் இருளப்பசாமியின் துண்டில் அளந்து போட்டார்கள். திரும்பி வரும்போது மணியக்காரர் வீட்டு அம்மாள் வேலி ஓரமாகக் கூப்பிட்டு, ஒரு சுளகு நெல்லை என் பெட்டியில் கொட்டி, யாரிடமும் சொல்லாதே என்றாள். வீசியெறிந்துவிட்டு வந்தேன் என்று சொல்ல ஆசைதான். வாங்கிக்கொண்டு வந்தேன். சீனிக்குப் பசிக்கும்.

மடை வேலைக்காக நமக்கு விட்டிருக்கும் மானிய வயலையும் கேட்கிறார்கள். உரிமை போனால் மானியமும் போக வேண்டியதுதானே? நான் மணியக்காரர் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் அவர், "ஆடிக்குள்ள ஒம் புருசன் வந்து நின்னா வயலும் அவனுக்கு, மடையும் அவனுக்கு. இல்லேன்னா பேச்சே இல்ல" என்றார். மடையைத் திறந்தது நான். ஆனால் வயலைக் காப்பாற்ற வந்து நிற்க வேண்டியது நீங்கள். இந்த நியாயத்தை வாத்தியாரிடம் கேட்டேன். அவர் மையைத் தொட்டுக்கொண்டு, அடுத்ததைச் சொல் என்றார்.

எங்கள் கூமாப்பட்டிக் கருத்தப்பாண்டி, உங்களோடு கப்பலேறியவன், குடையும் கோட்டுமாக வந்து இறங்கியிருக்கிறான். போய்ப் பார்த்தேன். "அத்தான் நல்லாத்தான் இருக்காவ அக்கா, சோத்துக்குக் கொறையில்ல" என்றான். யார் பொங்கிப் போடுகிறார்கள் என்று கேட்டேன். குடையை எடுத்துக்கொண்டு, "பொறவு வாரேன்க்கா" என்று எழுந்து போனான். அவன் பொறவு வரவே இல்லை. இதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை, உங்களையும் கேட்கவில்லை.

தாலி விஷயம் சொல்ல வேண்டும். மூழ்கி எழுந்தவர்தான் அதைக் கட்ட வேண்டும். மூழ்கி எழுந்தவள் நானாகிவிட்டேன். எனக்கு நானே கட்டிக்கொள்ளக் கை வரவில்லை. மஞ்சள் துணியில் முடிந்து விதைநெல் பானைக்குள் வைத்திருக்கிறேன். தண்ணீர்த் துறையில் பெண்கள் என் வெறுங்கழுத்தைப் பார்க்கிறார்கள். அவிய இருக்காவ என்கிறேன்.

ஆடிக்குள் வந்துவிடுங்கள். என்ன நடந்திருந்தாலும் வந்து நில்லுங்கள், நான் வாய் திறக்கமாட்டேன். வர முடியாது என்றால் அதையாவது ஒரு வரி எழுதிப் போடுங்கள். ஆவணியில் விதைக்கப் பானையைத் திறந்தாக வேண்டும். வயல் நமக்கு இல்லை என்றால் அந்த நெல்லைக் குத்திச் சீனிக்குக் கஞ்சி வைப்பேன். தாலியைக் கொண்டுபோய் மடையம்மன் கல்லிலேயே வைத்துவிடுவேன்.

யார் பொங்கிப் போட்டாலும் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். மழையில் நனையாதீர்கள். மடையம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
மடைக்காரி சுடலைமாடத்தியின் கைக்கீறல்.